அங்கம் இழந்த ஊழியரும் வழக்குச் செலவும்

(பொதட்டூர்பேட்டையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தறியே துணையென வாழ்ந்த நம்மவரின் மக்கள் இன்று கல்வி கற்றுப் பள்ளிகளிலும், மின்சாரத் துறையிலும், காவல் துறையிலும் அமர்ந்திருக்கின்றனர். உத்தியோகம் பெறும் வழியைப் பற்றிப் பேசுவோர் பலர். பெற்ற உத்தியோகத்தை நோயாலோ விபத்தாலோ இழக்க நேர்ந்தால் செய்வது யாது என்று பேசுவோர் சிலரே. ஆதலின் அப்பொருளையே யாம் எடுத்துக்கொண்டோம். யாம் சட்ட வல்லுநர் அல்லேம், தமிழாசிரியரே. குறை இருப்பின் சபையோர் பொறுத்தருள்வீராக.

பணியிலிருப்பவர் கண்ணோ காலோ இழந்து, வேலைக்குத் தகுதியற்றவர் என மருத்துவக் குழு சான்றளித்தால், இயலாமை ஓய்வூதியம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் தன் 47ஆம் பிரிவால் இதனைத் தடுத்தது. பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது. பழைய வேலை ஆகாதெனின் அதே ஊதியத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லையேல், தக்க இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ மிகைப்பதவி ஒன்றில் வைத்திருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் புதிய சட்டமும் 20ஆம் பிரிவில் இப்பாதுகாப்பைத் தொடர்கின்றது.

குணால் சிங் என்னும் காவலர் பணியில் காயமுற்று இடக்காலை இழந்தார். இயலாமை ஓய்வூதியம் தந்தாயிற்றே என்று அரசாங்கம் வாதிட்டது. ஓய்வூதியம் பெற்றதனால் 47ஆம் பிரிவின் உரிமை அழியாது என 2003இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. பஞ்சாப் மின்வாரியத்துக் கம்பியாளர் பகவான் தாஸ் 1994இல் பார்வை இழந்தார். உரிமை அறியாமல் அவர் எழுதிய கடிதத்தை விருப்ப ஓய்வாகக் கொண்டு அவரை அனுப்பிவிட்டனர். அவருக்கு நீதி கிடைத்தது 2008இல்.

அன்பர்களே! இத்துணை ஆண்டுகள் வழக்காடுவோர்க்கு ஆகும் பொருட்செலவை எண்ணிப் பாருங்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 50 ரூபாய் என்றே 1987ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. ஆயின் வக்கீல் கட்டணமோ, சென்னைக்குப் போக்குவரத்தோ அவ்வளவில் அடங்குமோ? “சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம்” என்பது இங்கே பொருந்தும். வென்றவர் பெறும் நிலுவைத் தொகையில் ஒரு பகுதி வழக்குக்கே போய்விடுகின்றது. தீர்ப்பின் இறுதியிலோ “செலவுத்தொகை இல்லை” என்னும் வரியே பெரும்பாலும் காணப்படுகின்றது.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா? உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 35ஆம் பிரிவு, தோற்றவர் வென்றவர்க்குச் செலவு தருதலே பொது நெறி என்கின்றது. அந்நெறியினின்று விலகும் நீதிபதி காரணத்தை எழுதவேண்டும். சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம், செலவு என்பது வக்கீல் கட்டணம், பயணம், தங்கல் முதலியன உட்பட நியாயமான உண்மைச் செலவாதல் வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் வணிக வழக்குகளுக்கு இதனை விரித்தே எழுதியது. வணிகர்க்குக் கிடைத்த அத்தெளிவு கால் இழந்த ஊழியர்க்குக் கிடைக்கவில்லை. ரிட் மனுவில் செலவு வழங்குதல் நீதிபதியின் விருப்புரிமையாகவே நிற்கின்றது.

அமெரிக்காவில் அவரவர் வக்கீல் கட்டணத்தை அவரவரே ஏற்பது பொது வழக்கம். ஆயினும் அந்நாட்டின் 1978ஆம் ஆண்டுக் குடிமைப்பணிச் சீர்திருத்தச் சட்டம், மேல்முறையீட்டில் வென்ற மத்திய அரசு ஊழியருக்கு, நீதியின் பொருட்டுத் தகுமெனின், நியாயமான வக்கீல் கட்டணத்தைத் துறையே தரச் செய்கின்றது.

பொதுமக்கள் வரிப்பணத்தை வக்கீலுக்குக் கொடுப்பதோ என்று சிலர் வினவலாம். துறை வழக்காடுவதும் அவ்வரிப்பணத்தாலேயே அன்றோ? தோற்ற ஊழியரும் செலவு தரவேண்டி வருமே என்று அஞ்சுவாரும் உளர். வென்ற ஊழியர்க்கு மட்டும் தருவதாக விதி செய்யின் அவ்வச்சமும் நீங்கும். ஓய்வூதியம் கருணைக்கொடை அன்று, உரிமையே என்று 1982இல் நகரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. உரிமையை மீட்க ஆன செலவையும் உரியவரே சுமப்பின் அவ்வுரிமை குறைபட்டதே ஆகும்.

ஆகவே நம்மவர்க்குச் சில கூறுவோம். மருத்துவக் குழுவின் சான்று வந்தவுடன் ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதிவிடாதீர்கள். வேறு வேலை கேட்டு எழுதுங்கள். வழக்கு நேரின் மனுவிலேயே செலவுத்தொகையையும் கேளுங்கள். வக்கீலுக்குத் தந்த பணத்துக்கு ரசீது பெற்று வையுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு, ஊனமுற்றோர்க்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியை அளித்துள்ளது. திருவள்ளூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

சங்கத்தாரை யாம் வேண்டுவது ஒன்று. திருமணத்துக்கும் படிப்புக்கும் உதவுவதுபோல், இத்தகைய வழக்குக்கும் முன்பணம் தர ஒரு சிறு நிதி காணுங்கள். வென்றவர் திருப்பித் தருவர். அது அடுத்தவர்க்கு உதவும். உடல் தளர்ந்தவர் உரிமையும் தளராதிருக்க நாம் துணை நிற்போமாக.