புல்லின் வளர்ச்சியும் மேய்ச்சல் முறையும்

(செண்பகத்தோப்பு அடிவாரத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் புல்லைப் பற்றிப் பேசுவானேன் என்று இங்குள்ளார் சிலர் புன்முறுவல் பூத்தலை யாம் காண்கின்றோம். தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் பகுத்தார். அவ்வழிப் பனையும் மூங்கிலும் புல்லாம். இக்காலத் தாவர நூலார் பனையை வேறு குடும்பத்திற் சேர்த்தனரேனும், மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே வைத்துள்ளனர். ஆதலின் பண்டிதனுக்கும் புல்லுக்கும் பழைய உறவு உண்டென்க.

நம் முன்னோருட் பலர் இம்மலையடியிற் கிடை அமர்த்தி வாழ்ந்தவர். காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் வழியெல்லாம் அவர்தம் மாடுகள் மேய்ந்தன. இம்மலை 1988-ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணில் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்த்தலைத் தடுத்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலுரிமையையும் சொல்கின்றதே என்று வாதிடுவார் உளர். அவ்வழக்கினுள் யாம் இன்று புகவில்லை. மலையேறும் வழி குறையக் குறைய, அடிவாரத்துத் தரிசும் கண்மாய்க்கரையும் மந்தைவெளியும் அச்சுமையைத் தாங்க வேண்டியனவாயின. அவை தாங்குமா என்பதே நமது கேள்வி.

புல் எங்கிருந்து வளர்கின்றது? முருங்கையின் நுனியைக் கிள்ளினால் அக்கிளையின் நீளம் அவ்வளவில் நின்றுவிடும். பக்கத்தே வேறு கிளை வெடிக்க வேண்டும். புல்லின் இலையோ அடியிலிருந்து நீள்வது. அதன் குருத்து மண்ணை ஒட்டி, இலையுறைகளின் உள்ளே பாதுகாப்பாய் ஒடுங்கியிருக்கும். மாடு நுனியைக் கடித்தாலும், கடிபட்ட இலையே அடியிலிருந்து மீண்டும் நீளும். மேய்ச்சலைத் தாங்குமாறே புல் அமைந்துள்ளது. ஆனால் கதிர் ஈனுங் காலத்தில் தண்டு நீண்டு குருத்து மேலே ஏறிவிடும். அப்பொழுது கடித்தால் அத்தண்டின் வளர்ச்சி முடிந்தது, விதையும் இல்லை. அடிக்கணுவிலுள்ள மொட்டிலிருந்து புதுத் தூர் கிளைத்தாற்றான் உண்டு.

வேரின் கதையே நாம் காணாதது. இலை சமைக்கின்றது, வேர் உண்கின்றது. அமெரிக்க நாட்டுக் கிரைடர் என்பார் 1955-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, இலையிற் பாதிக்குமேற் கொய்யக் கொய்ய வேர் வளர்தல் தடைப்படுதலைக் கண்டு சொன்னார். அந்நாட்டுப் பெருவெளிகளில் ஆளுயரத்துக்கும் ஆழமாய் வேரோடிய புல்லை உழுது அழித்தபின், 1930-களில் மழை பொய்த்தபோது மண்ணே புழுதியாய்ப் பறந்தது.

மாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேய்த்தவர் அறிவர். சுவையுள்ள தூரை ஒருமுறை கடித்தால், அது மீண்டும் துளிர்க்குமுன் தேடி வந்து கடிக்கும். கொழுக்கட்டைப்புல் இவ்வாறு மெலிந்து சாகும். எவரும் தீண்டாத ஆவாரையும் துத்தியும் அவ்விடத்தைக் கொள்ளும். பின்னர்ச் சீமைக்கருவேல் வந்து குடியேறும். ஊசிப்புல்லோ இளமையில் மட்டும் இரையாகும். முற்றினால் அதன் ஊசி ஆட்டின் தோலிற் குத்தி ஏறும். அவ்வூசியின் வால் ஈரத்தில் ஒரு பக்கமும் வெயிலில் மறுபக்கமும் முறுக்கிக்கொண்டு விதையை மண்ணுக்குள் திருகி இறக்கும் விந்தையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீர் போதும்.

கொங்கு நாட்டார் இதனை நன்கு அறிந்தவர். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் கிளுவை வேலியாற் பட்டிகளாகப் பிரித்து, கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, வெள்வேல் மரங்களை நிழலுக்கும் நெற்றுக்கும் விட்டுவைத்து, பட்டி மாற்றிப் பட்டி மேய்த்து வருகின்றனர். ஒரு பட்டி கடிபடும்பொழுது மற்றொன்று தேறுகின்றது. காங்கேயம் காளையின் பெருமையில் பாதி அவ்வேலிக்கு உரியதென்பது எம் கருத்து.

யாமும் ஒரு சிறு சோதனை செய்தோம். ஐப்பசி முதல் மழைக்குப்பின், மந்தைவெளியில் நாலுமுழச் சதுரம் ஒன்றை மாணவரைக் கொண்டு முள்ளிட்டு அடைத்தோம். கார்த்திகையில் ஒரு காளை வேலியைக் கலைத்து ஒரு மூலையைத் தின்றுவிட்டது; நகைத்தவர் பலர். எஞ்சிய பகுதியில் மார்கழியிற் கதிர் தள்ளியது. வெளியே விரற்கடை உயரப் புல்லும் இல்லை.

ஆகவே மந்தைவெளியை இரண்டாகப் பகுத்து, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு பாதியை விதை உதிரும்வரை மூடிவைக்கலாம். அடுத்த ஆண்டு மற்றப் பாதியை மூடலாம். இதனை ஒரு பெரியவரிடம் சொன்னபொழுது, “வாத்தியாரே! அதுவரைக்கும் என் இருபது மாட்டுக்கும் உம் புத்தகத்தையா போடுவது?” என்றார். நியாயமான கேள்வி. வைக்கோற்போரும் சோளத்தட்டையும் உடையவர் சிலர், இல்லாதவர் பலர். அறுவடையான புஞ்சைகளில் கிடை அமர்த்தி எருவுக்கு ஈடாகத் தீனி பெறலாம். ஆயினும் ஐப்பசியிலே புஞ்சை பயிராய் நிற்கும். அந்த இடைவெளிக்குச் சங்கமே தட்டை வாங்கிச் சேமித்து முதலிற் சிறு மந்தையுடையார்க்குக் கொடுத்தல் இயலுமா என்பதை இக்கூட்டம் இன்றே ஆராய வேண்டும். அப்பெரியவரும் இங்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவரே முதலிற் பேசுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.