கத்தியின் கணக்கு, ஊசியின் நம்பிக்கை



இந்த அரங்கில் ஒரு பக்கம் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். மறுபக்கம் சமூக மருத்துவத் துறையினரும் சமூகவியல் ஆய்வாளர்களும். சற்று முன் தேநீர் வேளையில்கூட இரு தரப்பும் தனித்தனிக் கூட்டமாகவே நின்றதைப் பார்த்தேன். அழைப்பிதழைப் படித்த நண்பர் ஒருவர், "அறுவை சிகிச்சை முடிவுகளுக்கும் தடுப்பூசி நம்பிக்கைக்கும் என்னய்யா சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?" என்று கேட்டார். தலைமை உரைக்கென்று ஒதுக்கிய நேரத்தை அவருடைய கேள்விக்கே செலவிடுகிறேன்.

பதில் ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பள்ளி ஆசிரியருக்கும் இலக்கு, வருவாய்த் துறை ஊழியருக்கும் இலக்கு. ஆள் பிடித்துக் கொடுக்காவிட்டால் சம்பளம் நிற்கும். வட மாநிலங்களில் சில ஊர்களைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை வண்டியில் ஏற்றிப்போனது. நெருக்கடி நிலை அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கையில் இந்த அறுவைகளை ஒட்டிய 1,774 மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆண்களுக்கான வாஸெக்டமி என்பது அறுவைகளிலேயே மிக எளிய வகைகளில் ஒன்று. தசை பிளக்க வேண்டியதில்லை, முழு மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அதுவே பெரும்பான்மையாக இருந்த அறுவைகளில் இத்தனை பேர் இறந்தார்கள் என்றால், வலி வந்தவர், சீழ் வைத்தவர், வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. இலக்கை எட்டியதற்குத்தான் கணக்கு இருந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 2002இல், இந்தியாவில் போலியோவால் 1,600 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் உத்தரப்பிரதேசத்தினர். அந்த மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் சொட்டு மருந்துக் குழு தெருவுக்குள் வந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. "இது கொடுத்தால் பிள்ளைக்கு நாளை வாரிசு இருக்காது" என்பதுதான் வதந்தி. மருந்து கொடுத்து முடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவார்கள். மறுத்த வீட்டுக்கும் ஆள் இல்லாத வீட்டுக்கும் 'எக்ஸ்'. சில சந்துகளில் வரிசையாக 'எக்ஸ்' மட்டும் இருக்கும். டெல்லியிலிருந்து பார்த்தவர்கள் இதைப் படிப்பறிவின்மை என்றார்கள், மதம் என்றார்கள். அந்த மக்களுக்குத் தெரிந்த அரசு மருத்துவம், தகப்பனை வண்டியில் ஏற்றிப்போன மருத்துவம். வேறு எதற்காகவும் வீட்டு வாசலுக்கு வராத அரசு, ஒரு சொட்டு மருந்துக்காக மட்டும் மாதாமாதம் வந்து ஏன் கதவைத் தட்டுகிறது என்று அவர்கள் கேட்டது மிக நியாயமான கேள்வி. கட்டாயக் கருத்தடை அதிகம் நடந்த பகுதிகளில் இன்றைய குழந்தைகளின் தடுப்பூசி விகிதமும் குறைவாகவே இருக்கிறது என்று அண்மையில் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கத்தி வாங்கிய கடன் ஊசியின் பற்றில் ஏறியது. நண்பருக்கு என் பதில் இதுதான்.

அந்தக் கதவுகள் எப்படித் திறந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தந்தத் தெருவிலேயே வாழ்கிற பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். பள்ளிவாசல் இமாம்கள் பேசினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தினர் துணை நின்றார்கள். சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்கு, குடிநீர், கழிப்பறை பற்றியும் பேசத் தொடங்கினார்கள். அதாவது, மக்கள் கேட்டதற்கும் கொஞ்சம் காது கொடுத்தார்கள். இந்தியாவின் கடைசிக் காட்டு வைரஸ் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய்வாய்ப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். 13 பெண்கள் இறந்தார்கள். ஒரு கை கட்டியதை இன்னொரு கை இடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

இப்போது அறுவை மருத்துவர்கள் பக்கம் திரும்புகிறேன். உங்கள் ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டை ஒரு முறை மனக்கண்ணில் விரித்துப் பாருங்கள். தேதி, உள்நோயாளி எண், பெயர், வயது, நோய், செய்த அறுவை, மருத்துவர், மயக்க மருந்து கொடுத்தவர், தொடங்கிய நேரம், முடித்த நேரம். பஞ்சும் துணியும் எண்ணியாகிவிட்டது என்பதற்கு ஒரு கையெழுத்து. நோயாளி முப்பதாம் நாள் எப்படி இருந்தார் என்பதற்குப் பத்தி உண்டா? பெரும்பாலான இடங்களில் இல்லை. தையல் பிரித்து டிஸ்சார்ஜ் ஆனவர் நம் புத்தகத்தைப் பொறுத்தவரை நலமானவர். பத்தாம் நாள் புண் பிரிந்து, வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிச் சேர்ந்தவர் நம் கணக்கில் 'வெற்றி'. அந்தத் தெரு முழுக்க அவர் கதை தெரியும். நமக்கு மட்டும்தான் தெரியாது.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே இதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. ஓராண்டு கழித்து அவரைத் தேடிப் பிடித்து முடிவை அதில் எழுத வேண்டும். முடிவு சரியில்லை என்றால் யாருடைய பிழை, எந்த வகைப் பிழை என்று குறிக்க வேண்டும். தன் சொந்த மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளில் 123 பிழைகளைக் கண்டு அச்சிட்டே வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரைக் கொண்டாடவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எண்ணும் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒவ்வொரு கண்புரை அறுவையின் சிக்கலும் பதிவாகிறது. எந்த மருத்துவரின் கையில் எத்தனை என்பதும் பதிவாகிறது. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றுவது அரிது. நூறு இருநூறு பேரை வைத்து அதில் எதையும் சொல்ல முடியாது. அரவிந்த் மருத்துவர்கள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அறுவை முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தாதவர்களில் தொற்று 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். இந்த வேறுபாடு வெளியே தெரிந்ததற்குக் காரணம், அன்றாடம் சலிக்காமல் எழுதிய குமாஸ்தா வேலை. ஆய்வென்றால் வெளிநாட்டுக் கருவி வேண்டும் என்று ஏங்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காகிதம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் அறிவித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளின் கணக்கை 2014இல் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. கட்டத்தில் டிக் அடிப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி சுலபம்தான் போலிருக்கிறது.

சமூக ஆய்வாளர்களுக்கு வருகிறேன். உங்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. தடுப்பூசித் தயக்கம் பற்றி நான் படிக்கும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல், "மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்ற வரியோடு முடிகின்றன. வினாப்பட்டியல் தயாரிக்கும்போதே முடிவும் தயாராகிவிடுகிறது. தயங்கும் தாயிடம், "உங்களுக்கு என்ன தெரியாது?" என்று கேட்கிறோம். "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் 2008 ஏப்ரலில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சற்று நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன் பின் தமிழ்நாட்டில் ஊருக்குள் வந்து ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களை வரச் சொன்னார்கள். எச்சரிக்கை என்ற அளவில் புரிகிறது. ஆனால் புதன்கிழமை அங்கன்வாடி வாசலிலேயே குழந்தைக்கு ஊசி போட்டுச் சென்ற தாய், அதன் பின் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06இல் 81 சதவீதம். 2015–16இல் 70 சதவீதம். 2019–21இல் 89 சதவீதம். நடுவில் விழுந்த பள்ளத்துக்கு இந்த மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பிக்கைக் குறைவு என்று மட்டும் பெயரிட்டு மூடிவிடவும் கூடாது. பஸ் வசதி இல்லாததையும் பயத்தையும் ஒரே கட்டத்தில் போடும் வினாப்பட்டியல் இரண்டில் எதையும் அளக்காது.

நடிகர் விவேக்கின் மரணத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியபடியே கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது என்றும், தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் அவர் சிகிச்சையில் இருந்தபோதே அதிகாரிகளும் மருத்துவர்களும் அறிவித்தார்கள். அத்தகைய அடைப்புக்கு அடித்தளமான கொழுப்புப் படிவு ஒரே நாளில் வளராது என்பது இதய மருத்துவருக்குத் தெரியும். டீக்கடையில் நின்றவர் பார்த்ததோ வேறு: ஊசி போட்டார், விழுந்தார், விசாரிக்கும் முன்பே 'தொடர்பில்லை' என்கிறார்கள். தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களுக்கான தேசியக் குழு முறையாக ஆராய்ந்து, தடுப்பூசி காரணமல்ல என்ற முடிவை அக்டோபரில் வெளியிட்டது. முடிவு முதல் நாள் சொன்னதேதான். ஆனால் இடையில் போன ஆறு மாதத்தில்தான் இரண்டாம் அலை வந்து போனது. உண்மையைச் சொன்னோம், விசாரித்துச் சொன்னோம் என்பதை நேரத்தில் காட்டவில்லை.

இதற்கு நேர்மாறாக நம் மாநிலமே நன்றாகச் செய்த ஒன்று உண்டு. பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் தமிழ்நாடு பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்கிறது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் ஆய்வுக்கு இறந்த பெண்ணின் உறவினர்களையும் அழைக்கிறார்கள். "இரத்தம் வாங்கி வாருங்கள் என்றார்கள், வாங்கி வருவதற்குள் போய்விட்டாள்" என்று ஒரு கணவர் சொல்லும்போது, எதிரில் மகப்பேறு மருத்துவர் உட்கார்ந்திருப்பார். கேட்கச் சங்கடமான கூட்டம் அது. ஆனால் 2018–20 கணக்கில் உயிருடன் பிறக்கும் இலட்சம் குழந்தைகளுக்கு 54 தாய் மரணம் என்ற அளவுக்கு நாம் வந்து சேர்ந்ததில் அந்தச் சங்கடத்துக்கும் பங்கு உண்டு. அறுவை மரணங்களுக்கும், தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களுக்கும் உறவினருக்கான இந்த நாற்காலி ஏன் போடப்படவில்லை என்பது இக்கருத்தரங்கின் முன் நான் வைக்கும் கேள்வி.

இப்படி வெளிப்படையாகப் பேசாமல், நல்லெண்ணத்தோடு சுற்றி வளைத்துச் சம்மதிக்கவைக்கும் வழியும் நம் ஊரில் பழையதுதான். திருவள்ளுவர் உருவம் பொறித்த காசு வெளியிட்டதாக நாம் போற்றும் எல்லீசன், சென்னையின் கலெக்டராக இருந்த ஆங்கிலேயர், பசுவம்மை குத்திக்கொள்ள மக்களை இணங்கவைக்கத் தமிழில் ஒரு கதையே எழுதினார். அம்மனே இந்த மருந்தை அருளியதாகக் கதை. தமிழ்ப் புலமைக்கு வணக்கம் சொல்லலாம். வழிமுறைக்குச் சொல்ல முடியாது.

முடிவுகளை வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க் மாநிலம் 1990களில் இதய அறுவை மருத்துவர்களின் இறப்பு விகிதத்தைப் பெயரோடு வெளியிட்டது. விகிதம் குறைந்தது. கூடவே, சாகும் தறுவாயில் இருப்பவரை ஏற்கத் தயங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நோயாளியின் நிலையைக் கணக்கில் சேர்க்காத எண், திறமையானவரையும் கோழையாக்கும். தூத்துக்குடியிலிருந்து இரவு முழுக்க ஆம்புலன்ஸில் வந்து சேரும் குடல் ஓட்டை நோயாளியையும், தேதி குறித்து வந்து படுக்கும் குடலிறக்க நோயாளியையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது. இதற்கான முறையை வகுப்பதுதான் பிற்பகல் அமர்வின் வேலை. கடினமான வேலை.

ஆகவே கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். அறுவை பற்றிப் பேசுவோர், தொடர்பு அறுந்துபோன நோயாளிகள் எத்தனை பேர் என்பதை முதல் ஸ்லைடிலேயே சொல்லுங்கள். அவர்களை நலமானவர்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள். தடுப்பூசி பற்றிப் பேசுவோர், மறுத்தவர்களின் வீட்டில் முன்பு யாருக்கு, எந்த மருத்துவமனையில், என்ன நேர்ந்தது என்று கேட்டீர்களா என்பதைச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். மதிய உணவின்போதாவது இரு தரப்பும் கலந்து உட்காருங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வுக்கு உரியவர்கள் மேடைக்கு வரலாம்.