உத்தேசக் கணக்கு

பிள்ளை கணக்குப் போட்டு முடித்ததும், "விடை சரியா?" என்று கேட்கிறோம். போடுவதற்கு முன், "ஏறக்குறைய எவ்வளவு வரும்?" என்று கேட்பது நம்மிடையே குறைவு.

ஒரு கடைச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அரிசி 25 வெள்ளி 90 காசு, பருப்பு 7 வெள்ளி 20 காசு, எண்ணெய் 6 வெள்ளி 90 காசு, சீனி 2 வெள்ளி 85 காசு. காசைப் பார்த்து மலைக்க வேண்டாம். 26, 7, 7, 3. ஆக 43 வெள்ளிக்குப் பக்கம். சீட்டில் 52 வெள்ளி 85 காசு என்றிருந்தால், அந்தப் பத்து வெள்ளி எப்படி வந்ததென்று கடையிலேயே நின்று கேட்டுவிடலாம்.

பெருக்கலில் கொஞ்சம் கவனம் வேண்டும். குலைக்கு 18 கிலோவாக 52 செம்பனைக் குலைகள். இரண்டையும் ஏற்றி 20, 60 என்று வைத்தால் 1,200 கிலோ வந்துவிடும். ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கினால் 20, 50, ஆக 1,000. உண்மையான எடை 936 கிலோ.

இனி, சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து நாள் சம்பளம் காண்பது 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் உள்ள முறை. 26 ஆல் வகுக்கப் பிள்ளை திணறும். 25 என்று வைத்துக்கொள்ளட்டும். நூறில் நான்கு 25. பதினேழு நூறில் 68. வகுக்கும் எண் உண்மையில் 26 என்பதால் விடை சற்று இறங்கும். சரியான விடை 65 வெள்ளி 38 காசு.

அதே சம்பளத்தை 24 நாளுக்குப் பெருக்கிய பிள்ளை, புள்ளியை இடம் மாற்றி 156 வெள்ளி என்று எழுதக்கூடும். நாளுக்கு 60 என்றாலும் 20 நாளுக்கே 1,200 ஆகுமே என்று அதற்குத் தோன்றினால், நாம் திருத்த வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் ஒரு தந்திரம் உண்டு. முதலில் கணக்கைப் போட்டுவிட்டு, வந்த விடையை முழுதாக்கி "உத்தேசம்" என்று எழுதிவிடுவார்கள். ஆகவே எழுதுகோலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் உத்தேசம் உதவாது. களைக்கொல்லி கலக்கும்போதும், காய்ச்சல் மருந்து ஊற்றும்போதும் அளவுக் கோடுதான் கணக்கு.