தவளை முட்டையைத் தெரிந்துகொள்வோம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அப்படியே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேசமாட்டேன். தண்ணீர் பற்றியும் டெங்கு பற்றியும் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு அந்தத் தண்ணீரில் பிறக்கிற ஓர் உயிரைப் பற்றிப் பேசுவோம். "என்ன ஐயா, தவளைக்கு ஒரு கூட்டமா?" என்று சிரிக்கவேண்டாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

முதலில் வேலை பார்த்த தோட்டத்தில், தண்ணீர்த் தாங்கியின் உள்சுவரில் வெள்ளையாக ஒரு நுரைக்கட்டி ஒட்டியிருந்தது. யாரோ சோப்பைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு தம்பியைக் கூப்பிட்டு சுரண்டி எறியச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "ஐயா, அது அழுக்கு இல்ல, தவளை போட்ட முட்டை. உள்ள பாருங்க, துடிக்குது" என்றார். குனிந்து பார்த்தேன். உண்மைதான். படித்தவன் நான், பார்த்தவர் அவர்.

நம் கண்டிப் பக்கத்தில் தை, மாசியில் வெயில் காய்கிறது. பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் பின்னேரத்தில் இடி இடித்து மழை கொட்டுகிறது. அன்று ராத்திரியே லயத்தைச் சுற்றித் தவளைச் சத்தம் தொடங்கிவிடும். ஆண் தவளைதான் கத்துகிறது, பெண்ணைக் கூப்பிடுவதற்கு. தவளை தன் வாயால் கெடும் என்கிறோம்; அதன் குடும்பம் தழைப்பதும் அந்த வாயால்தான். அதற்குப் பிறகு முட்டைகளைத் தேடிப் பார்க்கலாம்.

தண்ணீருக்கு மேலே சுவரிலோ, மரக்கொப்பிலோ நுரைக்கட்டி இருந்தால் அது மரத்தவளையின் முட்டை. வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பாகும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் வாற்பேத்தைகள் கீழே தண்ணீரில் விழும்.

தேங்கிய தண்ணீரில் கறுப்பு மணி கோத்த மாலை மாதிரி நீளமாகக் கிடந்தால் அது தேரை முட்டை. தேரைக்கும் அதன் முட்டைக்கும் நஞ்சு உண்டு. பிள்ளைகள் பார்க்கலாம், வாயில் வைக்கக்கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

மூன்றாவது வகை, தேயிலைச் செடியிலும் காட்டோரத்திலும் இருட்டியதும் "டிக் டிக்" என்று கத்துகிற குட்டித் தவளை. இது தண்ணீரைத் தேடிப் போவதில்லை. பெரும்பாலும் ஈரமண்ணில் சிறு குழி தோண்டி முட்டையிடும். சில வகை இலையில் ஒட்டிவைக்கும். வாற்பேத்தையே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை வகைகள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் இந்த இனம்தான்.

நான்காவதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஓடையோரம் கான் வெட்டும்போது, காலில்லாமல், கருநிறமாக, பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடுகிற ஒன்று வெளியே வரும். பாம்பு என்று நினைத்து மண்வெட்டியால் போட்டுவிடுகிறோம். அது பாம்பு இல்லை, தவளைக்குச் சொந்தக்கார ஈரூடகவாழி. மண்ணுக்குள் முட்டைக் கொத்தைச் சுற்றி வளைந்து தாய் காவல் கிடக்கும். 1880களில் சரசின் என்ற பெயர்கொண்ட, உறவினர்களான இரண்டு சுவிஸ் நாட்டு அறிஞர்கள் இலங்கைக்கு வந்து, இதன் முட்டை வளர்வதை ஆராய்ந்து எழுதினார்கள். கடல் கடந்து வந்து தேடிப் பார்த்ததை நாம் தெரியாமல் வெட்டுகிறோம். அடையாளம் சரியாகத் தெரியாவிட்டால் கை வைக்காதீர்கள். விலகி நின்று போகவிடுங்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, டெங்கு. வாற்பேத்தைகள் டெங்கு நுளம்பின் முட்டையைத் தின்னுகின்றன என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள். அதற்காகப் பீப்பாயைத் திறந்து போடலாம் என்று அர்த்தமில்லை. பீப்பாய்க்கு மூடி வேண்டும், கிழமைக்கு ஒருதரம் தேய்த்துக் கழுவவேண்டும். தாங்கியில் நுரைக்கட்டி கண்டால் சுரண்டி எறியாமல், முழுசாக இலையில் எடுத்து, நிழலான குட்டைக்கு மேலே ஒரு கொப்பில் வையுங்கள்.

இரண்டாவது, மருந்து. களைகொல்லி, பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் வளர்ந்த மரத்தவளை வாற்பேத்தைகள் பல செத்தன, பல உடல் கோணலாக வளர்ந்தன. இதையும் பேராதனையில்தான் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தடித்துவிட்டு வருகிற தம்பிமாரே, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தாங்கியை ஓடையில் கழுவாதீர்கள். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழ் லயத்துப் பீலியில் விழுகிறது. அதில்தான் நம் பிள்ளை குளிக்கிறது, அதைத்தான் அடுப்பில் வைக்கிறோம். தவளையின் தோல் மெல்லிசு, தண்ணீரில் இருப்பதை அப்படியே உறிஞ்சும். அதனால் நமக்கு முந்தி அது சாகிறது. பீலியோரத்தில் போன வருசம் கேட்ட சத்தம் இந்த வருசம் கேட்கவில்லை என்றால், என்னிடம் வந்து சொல்லுங்கள்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கோப்பிக்கும் தேயிலைக்கும் இந்த மலைக் காடுகள் வெட்டப்பட்டன. நம்மவர்கள் கூலிக்கு வெட்டினார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காட்டோடு சேர்ந்து பல தவளை வகைகளும் அழிந்துபோயின. கண்டியின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு தேரையும் 1876க்குப் பிறகு காணவில்லை, அழிந்துவிட்டது என்றே எழுதிவைத்தார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அதை உயிரோடு கண்டார்கள். மிஞ்சியிருக்கிற காட்டையும் ஓடையையும் விட்டுவைத்தால் இப்படியும் நடக்கும்.

பிள்ளைகளே, ஒரு பழைய கொப்பி எடுங்கள். எந்தத் திகதி, எந்த இடம், நுரையா, மாலையா, முதல்நாள் மழை பெய்ததா என்று எழுதுங்கள். ஓடைக்குத் தனியாகப் போகவேண்டாம், பெரியவர் ஒருவரோடு போங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கொப்பிகளைப் பார்ப்போம். பாட்டிமாரும் கட்டாயம் வரவேண்டும். எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பாட்டிதான்.