டிரஸ்டியின் வக்கீல், டிரஸ்டியான வக்கீல்



சட்டம் படித்தவர்களுக்குப் பட்டமளிக்கும் இந்த மேடையில் ஏறுகிறவர்கள் அரசியல் சாசனத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுகள் சட்டம். பரீட்சைக்கு முந்தின இரவு படித்து, மறுநாள் மதியம் மறந்திருப்பீர்கள். பரவாயில்லை. ஊரில் தொழில் செய்யப் போகிறவர்களுக்கு அது தானாக வந்து சேரும்.

டிரஸ்ட் பணம் என்ன பாடு படும் என்பதற்கு முதலில் ஒரு பழைய கதை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள் வைத்த பச்சையப்பர் மண்டபம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் திருவையாற்றில் காலமானார். பெரும் சொத்தைத் தர்ம காரியங்களுக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். எழுதியபடி நடக்கவில்லை. பணம் பொறுப்பேற்றவர்களிடம் தேங்கியது, வழக்கு அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது, வருஷங்கள் ஓடின. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, கோயில் தர்மங்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்ப வழி செய்தார். பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். உயில் எழுதியவர் கண்மூடி 48 வருஷம் கழித்து.

பணத்தை மீட்டுக்கொடுத்த வக்கீலின் கதை இது. பெருமைப்படலாம். ஆனால் நம் தொழிலில் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. வக்கீலே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் டிரஸ்டியா, டிரஸ்டின் வக்கீலா, டிரஸ்டியின் சொந்த வக்கீலா என்று அவருக்கே தெளிவு இருக்காது.

இதற்கு நான் எப்போதும் எடுக்கும் வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. போர்ட்மன் எதிர் ஃபிப்ஸ், பிரபுக்கள் சபை, 1966. தலைப்பை மட்டும் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். கதையைக் கேளுங்கள். ஃபிப்ஸ் குடும்ப டிரஸ்டுக்கு ஒரு ஜவுளி கம்பெனியின் 30,000 பங்குகளில் 8,000 பங்கு சொந்தம். கம்பெனி சரியாக நடக்கவில்லை. டிரஸ்டின் சொலிசிட்டர் டாம் போர்ட்மன், பயனாளிகளில் ஒருவரான டாம் ஃபிப்ஸைக் கூட்டிக்கொண்டு, 1956இல் டிரஸ்ட் சார்பாகக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனார். கணக்கைப் பார்த்தார். நிர்வாகத்தைக் கைக்கு எடுத்தால்தான் இது தேறும் என்று புரிந்தது. மீதிப் பங்குகளை வாங்க டிரஸ்டுக்குப் பத்திரப்படி அதிகாரம் இல்லை. டிரஸ்டிகளுக்கு அந்த எண்ணமும் இல்லை. சரி, நாமே வாங்குவோம் என்று இருவரும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். பேரம் பேசினார்கள், கம்பெனியைப் பிடித்தார்கள், தேவையற்ற சொத்துகளை விற்றார்கள், பங்கின் மதிப்பு ஏறியது. டிரஸ்டுக்கு நல்ல லாபம். அவர்களுக்கும் நல்ல லாபம்.

இன்னொரு பயனாளி ஜான் ஃபிப்ஸ் வழக்குப் போட்டார். போர்ட்மன் ஒரு காசு திருடவில்லை என்பதை எல்லா நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. டிரஸ்டின் பிரதிநிதி என்ற முறையில் கிடைத்த தகவலையும் வாய்ப்பையும் கொண்டு சம்பாதித்ததால், லாபத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். உழைப்புக்குத் தாராளமாகக் கூலி எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இருவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்கள். அதையும் படியுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்று படுகிறது. டிரஸ்டிகளில் ஒருவர் வயதான விதவை, நினைவு தவறியவர். அவரை யாரும் கேட்கவில்லை. முழு விவரத்தையும் சொல்லி, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருந்தால் போர்ட்மன் தப்பித்திருப்பார். பாதி சொன்னது போதும் என்று நினைத்தார். கெட்டிக்கார வக்கீல்களுக்கே உரிய வியாதி அது. (பின்னாளில் அவர் அமைச்சராகவும் ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர் அயோக்கியர் அல்ல.)

இது வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். நம் 1882 சட்டத்தின் 88ஆம் பிரிவு, இப்படிப் பொறுப்பான இடத்தில் இருந்து ஆதாயம் அடைபவர்களை வரிசைப்படுத்தும்போது, டிரஸ்டியையும் கம்பெனி இயக்குநரையும் சொல்லிவிட்டு, சட்ட ஆலோசகரையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. 52ஆம் பிரிவின்படி, விற்கும் பொறுப்பில் உள்ள டிரஸ்டி அந்தச் சொத்தைத் தானே வாங்கக் கூடாது. மாமியார் பேரில் வாங்கினால் சட்டத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. 50ஆம் பிரிவு, பத்திரத்தில் இடம் இல்லாமல் டிரஸ்டி ஊதியம் கேட்க முடியாது என்கிறது. டிரஸ்டியாகவும் இருந்துகொண்டு டிரஸ்டின் வழக்குகளுக்கு பில் போடும் வக்கீலுக்கு, அந்தப் பிரிவு முதல் நாளே நினைவில் இருக்க வேண்டும். ஃபீஸ் வாங்க அனுமதிக்கும் ஷரத்தை நீங்களே உங்களுக்காக எழுத நேர்ந்தால், பத்திரம் எழுதிவைக்கும் பெரியவரை இன்னொரு வக்கீலிடம் அனுப்புங்கள்.

பொதுத் தர்ம டிரஸ்டுகளுக்கும் மத டிரஸ்டுகளுக்கும் இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது, முதல் பிரிவே அதைச் சொல்கிறது என்று யாராவது வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் நீதிமன்றங்கள் அங்கேயும் இதே நெறியைத்தான் பார்க்கின்றன.

இப்போது டிரஸ்டியின் வக்கீலுக்கு வருவோம். சாயங்காலம் ஆபீஸுக்கு ஒரு அண்ணாச்சி வருவார். மஞ்சள் பையில் பத்திரம், பேங்க் பாஸ்புக், மினிட்ஸ் புத்தகம். புத்தகத்தில் அடுத்த நான்கு கூட்டத்துக்கும் கையெழுத்து முன்கூட்டியே வாங்கியிருக்கும், மேலே தீர்மானத்துக்கு இடம் வெறுமையாக இருக்கும். தாத்தா ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கென்று பஜாரில் எழுதிவைத்த மூன்று கடை. "சார், நடுக்கடையை நம்ம மச்சானுக்கே விட்டுரலாம்னு பாக்கேன். வாடகை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். நீங்க ஒரு அக்ரிமென்ட் போட்டுக் குடுங்க" என்பார்.

இங்கே உங்கள் கட்சிக்காரர் யார்? ஃபீஸ் கொடுப்பது அண்ணாச்சி. அவரும் டிரஸ்ட் பணத்திலிருந்துதான் கொடுக்கப் போகிறார். அந்தப் பணம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாத ஒரு பிள்ளையினுடையது, அந்தப் பிள்ளை உங்கள் ஆபீஸுக்கு வரப்போவதே இல்லை. அக்ரிமென்ட் போடாதீர்கள். ஏன் முடியாது என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது வாசலைத் தாண்டினால் வேறு மாதிரி ஆகிவிடும். மற்ற டிரஸ்டிகளிடமும் சொல்லுங்கள்: உடன் டிரஸ்டியின் தவறு தெரிந்தும் சும்மா இருந்தால் 26ஆம் பிரிவு அவர்களையும் சேர்த்துப் பிடிக்கும். கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்பது எதிர்வாதம் ஆகாது. நாளைக்கு அண்ணாச்சி மேலேயே கணக்குக் கேட்டு வழக்கு வந்தால், அதை நடத்தும் செலவை டிரஸ்ட் கணக்கில் எழுத முடியாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மகாராஷ்டிரத்தில் பொது டிரஸ்டுகளைப் பார்க்க ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் இந்துக் கோயில் சொத்துக்கு அறநிலையத் துறை உண்டு, வக்ஃபுக்கு வாரியம் உண்டு. மற்றபடி ஊர்ப் பெரியவர்கள் எழுதிவைத்த கல்வி டிரஸ்டுகளுக்கு வருமான வரிக்காகப் பார்க்கும் ஆடிட்டரும், என்றோ ஒருநாள் சிவில் நடைமுறைச் சட்டம் 92இன் கீழ் அனுமதி வாங்கி வழக்குப் போடத் துணியும் இருவரும்தான் காவல். இடைப்பட்ட காலமெல்லாம் வெளியிலிருந்து புத்தகத்தைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் பெரும்பாலும் வக்கீல்தான்.

சந்தேகம் வந்தால் கோர்ட்டைக் கேட்கலாம் என்பதை நம்மவர்கள் மறந்தேபோனார்கள். தனியார் டிரஸ்டாக இருந்தால் 34ஆம் பிரிவின் கீழ், வழக்கே போடாமல், ஒரு மனுவில் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். உண்மையை மறைக்காமல் கேட்டு, சொன்னபடி நடந்த டிரஸ்டிக்கு அது பாதுகாப்பு. அந்த மனுவை எழுதப் பழகுங்கள்.

ஒரு நாள் உங்களையே டிரஸ்டியாக இருக்கச் சொல்வார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். மேடையில் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பத்திரத்தையும் கடைசி மூன்று வருஷக் கணக்கையும் வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் அப்போதே மறுத்துவிடலாம். ஏற்ற பிறகு நினைத்தபோது இறக்கி வைக்க 46ஆம் பிரிவு விடாது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவையும் அன்றிரவே பாருங்கள். டிரஸ்ட் சொத்தைத் தேடி வரும் வழக்குக்குக் கெடு கிடையாது. டிரஸ்டி இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் மேலும் அந்த வழக்கு வரும்.