திரியில் இருக்கிறது சூட்சுமம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரை)



நான் 1986-89 பி.எஸ்ஸி. வேதியியல். என் வகுப்பிலிருந்து வங்கிக்குப் போனவர்கள், ஆசிரியரானவர்கள், அமெரிக்கா போனவர்கள் எல்லாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஊற்றப் போனவள் நான் ஒருத்திதான். செயலாளர் போனில் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்குச் சுயதொழில் ஆர்வம் வர்ற மாதிரி பேசுங்கம்மா" என்றார். ஆர்வம் ஊட்டுவதற்கு நாட்டிலே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். "மாதம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம்" என்று போனில் வரும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? மெழுகை உருக்குவார்கள், அச்சில் ஊற்றுவார்கள், ஆறினதும் வழவழவென்று வெளியே எடுத்துக் காட்டுவார்கள். அத்தோடு வீடியோ முடிந்துவிடும். அந்த வர்த்தியைக் கொளுத்தி இரண்டு மணி நேரம் எரியவிட்டுக் காட்ட மாட்டார்கள். மெழுகுவர்த்தித் தொழிலில் நான் பார்த்த நஷ்டங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன். எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பும். அந்தப் புகையில், திரியைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகவே தாவிப்போய்த் திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே 1860 டிசம்பரில் தொடங்கி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காக ஆறு சொற்பொழிவுகள் செய்தார். ஆறும் ஒரே மெழுகுவர்த்தியைப் பற்றி. இந்தப் பரிசோதனை அதில் வருகிறது. எரிவது கட்டி மெழுகும் இல்லை, உருகிய மெழுகும் இல்லை, மெழுகின் ஆவி. உருகின மெழுகு திரியின் இழைகளுக்கு நடுவே மேலேறி, சுடரின் சூட்டில் ஆவியாகி எரிகிறது. நாம் படித்த அதே நுண்புழை ஏற்றம்தான். பரீட்சைக்குப் பிறகு அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாமான் வாங்கும்போது எல்லாரும் மெழுகுக்கு அலைவார்கள், அச்சுக்கு அலைவார்கள், வாசனைக்கு அலைவார்கள். திரி மட்டும் "எதாவது ஒரு நூல்" என்று போய்விடும். மேலேறும் மெழுகின் அளவைத் தீர்மானிப்பது திரி. குறைவாக ஏற்றினால் சுடர் சாகும். அதிகமாக ஏற்றினால் புகையும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மகளிர் குழு. பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருநாள் பயிற்சி எடுத்து, குழுக் கடன் வாங்கி, பங்குக் கோயில் செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு ஆர்டர் பிடித்தார்கள். டவுனில் ஒரு வியாபாரியிடம் நாற்பது கிலோ மெழுகு. "எல்லாம் ஒரே சரக்குதாம்மா, இது கிலோவுக்கு இருபது ரூபாய் குறைச்சல்" என்றாராம். திரிக்கு, குத்துவிளக்கு ஏற்றுகிற முறுக்குத் திரி. வர்த்திகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. திருவிழாவன்று கெபி முன்னால் ஏற்றினால் பாதி புகைந்தது, பாதி ஒழுகித் தரையில் ஓடியது, காற்று லேசாக அடித்ததும் மீதி அணைந்தது. கோயில்காரர்கள் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குழுத் தலைவி இரண்டு சாக்குகளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "அக்கா, தவணை இருபதாம் தேதி" என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

நான் ஒரு வர்த்தியை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்துக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டேன். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை. முழுக்கச் சுத்திகரிக்காத மெழுகு. பாரஃபின் மெழுகு பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருவது. நம்ம சென்னை மணலி ஆலையிலும் எடுக்கிறார்கள், அஸ்ஸாம் டிக்பாயில் நெடுங்காலமாக எடுக்கிறார்கள். அந்த எண்ணெயை எவ்வளவு நீக்கியிருக்கிறார்கள் என்பதுதான் தரம். நல்ல மெழுகு வெள்ளையாக, வாசனை இல்லாமல், நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிரும். எண்ணெய் மெழுகு லேசான மஞ்சள், கையில் பிசுக்கு, மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாடை. கடையிலேயே கீறிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கூடவே உருகுநிலையைக் கேட்டு வாங்குங்கள். 58-60 டிகிரி, 60-62 டிகிரி என்று சொல்லி விற்பார்கள். நம்ம ஊர் மே மாதத்துக்கு அதற்குக் கீழே போகாதீர்கள். குறைந்த டிகிரி மெழுகில் செய்த நீள வர்த்தி அலமாரியில் இருக்கும்போதே தலை குனிந்து நிற்கும். இப்போது பிரபலமாகிவிட்ட சோயா மெழுகு அதைவிடச் சீக்கிரம் இளகுவது. கண்ணாடிக் குவளையிலோ தகர டப்பாவிலோ ஊற்ற நன்றாக இருக்கும், தனியாக நிற்கும் வர்த்திக்கு வேண்டாம். அதன் மேல் வெள்ளையாகப் பூப்பது அந்த மெழுகின் சுபாவம். அதைக் கெட்டுப்போனதாக நினைத்துத் திரும்ப உருக்க வேண்டியதில்லை. தேன்மெழுகு அருமையாக எரியும், விலையைக் கேட்டால் நாம் அணைந்துவிடுவோம்.

அந்த நாற்பது கிலோவைத் தூக்கிப்போட முடியுமா? முடியாது, கடன் பணம். அதிலிருந்து எண்ணெயைப் பிரிக்க வீட்டில் வழியும் இல்லை. நல்ல 60-62 டிகிரி மெழுகு மூன்று பங்குக்கு அந்த மெழுகு ஒரு பங்கு என்று கலந்தோம். கிலோவுக்கு நூறு கிராம் ஸ்டியரிக் ஆசிட் சேர்த்தோம். ஸ்டியரிக் ஆசிட் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கொழுப்பிலிருந்து வருவதுதான். வர்த்திக்கு இறுக்கமும் பால் வெண்மையும் கொடுக்கும், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். சாதாரணமாகக் கிலோவுக்கு ஐம்பது கிராம் போதும். ஒரு எச்சரிக்கை: செம்புப் பாத்திரத்தில் வேண்டாம், அது அமிலம், செம்பைத் தின்று மெழுகைப் பச்சையாக்கும். எவர்சில்வரோ அலுமினியமோ இருக்கட்டும்.

அடுத்தது திரி. முறுக்கின நூல் திரி எண்ணெய் விளக்குக்கு ஆனது. எரிய எரிய நெட்டுக்குத்தாக நின்று நுனி கருகிக் குவியும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் கருகின திரியை வெட்ட ஒரு கத்தரிக்கோலும் பக்கத்தில் வைத்திருப்பார்கள். 1825-இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் சடை பின்னுவது மாதிரிப் பின்னின பருத்தித் திரியைக் கொண்டுவந்தார். பின்னின திரி எரியும்போது லேசாக வளைந்து நுனியைச் சுடரின் வெளி ஓரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே காற்று கிடைப்பதால் நுனி தானாகவே எரிந்து சாம்பலாகிவிடும். கத்தரிக்கோல் வேலை பெருமளவு போயிற்று. இருநூறு வருஷத்துக்கு முன்னால் தீர்ந்த பிரச்சினைக்கு நம்ம பெண்கள் இன்றைக்கும் பணத்தைத் தொலைப்பது எனக்குப் பொறுக்காது.

ஆகவே பின்னல் பருத்தித் திரி வாங்குங்கள். இழைக் கணக்கில் நம்பர் சொல்லுவார்கள். ஒரு கடை நம்பர் அடுத்த கடையில் பொருந்தாது, அதனால் நம்பரை நம்பாதீர்கள். மூன்று தடிமனில் இரண்டு இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரே மெழுகு, ஒரே அச்சு, மூன்று திரி. ஊற்றி ஒருநாள் ஆறவிட்டு, காற்றில்லாத அறையில் மூன்றையும் ஏற்றிப் பக்கத்தில் உட்காருங்கள். நுனியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்கள். சுடர் சின்னதாகி, திரியைச் சுற்றிக் கிணறு மாதிரிக் குழி விழுந்து, சுற்றுச்சுவர் உருகாமல் நின்றால் திரி மெலிசு. சுடர் துள்ளி, நுனியில் காளான் மாதிரிக் கறுப்புக் கொண்டை கட்டி, புகை எழும்பினால் திரி தடிசு. உருகின குளம் ஓரத்தை நெருங்கியும் வழியாமல், சுடர் ஆடாமல் நின்றால் அதுதான் உங்கள் திரி. அச்சை மாற்றினாலும், சாயம் மாற்றினாலும், வாசனை சேர்த்தாலும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அலுப்பாக இருக்கிறது என்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்று நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன்.

தெரிந்தெடுத்த திரியை அப்படியே அச்சில் கட்டிவிடாதீர்கள். உருகிய மெழுகில் முக்கிக் குமிழி வருவது நிற்கும்வரை வைத்து, எடுத்து நேராக இழுத்து ஆறவையுங்கள். திரியில் ஈரம் இருந்தால் எரியும்போது சடசடவென்று தெறிக்கும்.

சாயத்துக்குக் கேசரிப் பவுடர் போடுகிறார்கள். அது தண்ணீரில் கரைகிற சரக்கு, மெழுகில் அடியில் போய் உட்காரும். குழந்தைகளின் கிரேயானைச் சீவிப் போடுகிறார்கள். வண்ணம் அழகாக வரும், ஆனால் அதன் துகள்கள் திரியின் துவாரங்களை அடைத்துவிடும். "அக்கா, வெள்ளை வர்த்தி எரியுது, சிவப்பு அணையுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கிரேயானைத்தான். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் கேட்டு வாங்குங்கள், சிட்டிகை போதும். வாசனையும் அதே மாதிரி. உடம்பில் அடித்துக்கொள்ளும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கிறது, உருகின மெழுகில் அதை ஊற்றுவது ஆபத்து. மெழுகுக்கென்று விற்கும் வாசனை எண்ணெய் கிலோவுக்கு முப்பது கிராமில் தொடங்குங்கள். கூடுதலாகப் போட்டால் மேலே வியர்த்து நிற்கும்.

ஊற்றுகிற கட்டத்தில் வரும் குறைகள் கண்ணுக்குத் தெரிவதால் சுலபம். மெழுகு ஆறும்போது சுருங்கும். அதனால் திரியருகே குழி விழும். முதலில் ஊற்றியது மேலே ஏடு கட்டினதும் திரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியால் இரண்டு மூன்று ஓட்டை குத்தி, மறுபடி ஊற்றி நிரப்புங்கள். உடம்பில் படிப்படியாகக் கோடு விழுந்தால் மெழுகு ஆறிப்போய் ஊற்றியிருக்கிறீர்கள். உலோக அச்சுக்கு 80 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றுங்கள். அதற்கு ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். விரிசல் விட்டால் அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்ததுதான் காரணமாக இருக்கும். எவ்வளவு மெழுகு உருக்க வேண்டும் என்பதற்கு அச்சில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 100 மில்லி தண்ணீர் பிடித்தால் சுமார் 90 கிராம் மெழுகு. பிறகு அச்சைச் சொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

அந்தக் குழு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மறுபடி ஆர்டர் கேட்டுப் போனார்கள். சும்மா போகவில்லை. நாலு வர்த்தியைக் கொண்டுபோய்க் கோயில்காரர்கள் முன்னாலேயே ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கல்லறைத் தோட்டம் திறந்தவெளி, காற்று அடிக்கும். அதற்காக அறையில் சரியாக எரிந்த திரியைவிட ஒரு படி தடிமன் போட்டிருந்தார்கள். ஆர்டர் கிடைத்தது, செப்டம்பரில் கொடுத்ததில் பாதி அளவுக்கு. செப்டம்பர் தவணையை ஒருத்தியின் தோட்டை அடகு வைத்துக் கட்டியிருந்தார்கள். அதை மீட்கப் பொங்கல் தாண்டிவிட்டது.

சந்தை நிலவரத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எரிகிற எதுவும் விற்றது, புகைந்தாலும் வாங்கினார்கள். இன்றைக்குக் கரண்ட் போனால் வீட்டில் சார்ஜ் லைட் எரிகிறது. கோயில்கள், கல்லறைத் திருநாள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள், பிறந்தநாள், ஓட்டல் மேஜை, பரிசுக் கடைகளில் வாசனைக் குவளை, இவைதான் மிச்சம். இங்கே வாங்குகிறவர்கள் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வருவார்கள்.

கடைசியாக ஒன்று. இதை எந்தப் பயிற்சியிலும் நான் விடுவதில்லை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுப் பாத்திரம். அப்படி வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மெழுகு தீப்பிடிக்கும் சூடு அதற்கு வெகு மேலே. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பை விட்டுப் போன் பேசப் போகாதீர்கள். மீறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகை முகத்தில் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடிவிட்டு, முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள். அந்த மூடி வேலை தொடங்குவதற்கு முன்பே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்று திரி போட்ட மூன்று வர்த்திகளை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஏற்றி வைக்க உதவியாளர் தம்பி போயிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.