வாலைப் பார்த்துச் சேர்த்த புத்தகங்கள்



இப்போதெல்லாம் புத்தகம் சிபாரிசு செய்ய ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. பத்திரிகையைப் புரட்டினால் கட்டாயம் படிக்கவேண்டிய நூறு நாவல்கள் என்று ஒரு பட்டியல். கைப்பேசியில் சோழர் காலத்துக் கதை ஒன்றை வாங்கிவிட்டால் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு வாளும் குதிரையும் போட்ட அட்டைகளாகவே வந்து குவியும். வயிறு நிறைய இட்லி சாப்பிட்டவன் இலையில் மறுபடியும் இட்லியையே வைப்பார்களே, அந்த உபசாரம்தான் இது. எனக்கு ஒத்துவரவில்லை. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புத்தகம் தேட எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் தலைப்பில் வருகிற புத்தகங்களையெல்லாம் ஒன்றாகச் சேருங்கள். நாவலா, சுயசரிதையா, ஆராய்ச்சியா என்று பார்க்கவே வேண்டாம். தலைப்பில் ஜாடை தெரிந்தால் சரி. திரும்பச் சொல்கிறேன்: வகையைப் பார்க்காதீர்கள், தலைப்பைப் பாருங்கள்.

பழைய கார்டு கேட்லாக்கில் விரல் வைத்துத் தேடியவர்களுக்கு இது புரியும். அலமாரியில் புத்தகங்கள் சாதி பிரித்த மாதிரி நிற்கும். நாவல் கீழே, வாழ்க்கை வரலாறு மாடியில். ஆனால், தலைப்பு அட்டைகள் இருக்கிற மர இழுப்பறைக்குள் அந்தப் பேதம் கிடையாது. அகர வரிசை ஒன்றுதான் சட்டம். அட்டைகளின் அடியில் துளை போட்டு ஒரு கம்பியைச் செருகியிருப்பார்கள், யாரும் உருவிக்கொண்டு போகாமலிருக்க. அந்தக் கம்பியில் கற்பனையும் நிஜமும் ஒன்றாகக் கோத்துக் கிடக்கும். இழுப்பறைக்கு ஒரு குறை மட்டும் உண்டு. அது தலைப்பின் தலையைப் பார்த்துத்தான் சேர்க்கும். தமிழ்த் தலைப்புகளில் விஷயம் வாலில் இருக்கிறது. வாலைப் பார்த்துச் சேர்ப்பது நம் வேலை.

நான் அப்படிச் சேர்த்ததில் எனக்கு மிகப் பிடித்த கூட்டம், 'சரித்திரம்' என்று முடிகிற கூட்டம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்', 1898. இந்த மூன்றும் நாவல்கள். நடந்த சரித்திரம் என்று பார்த்தால், உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய 'மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்', பிறகு தம்மைப் பற்றி எழுதிய 'என் சரித்திரம்'. முதல் மூன்றும் கற்பனை, பின்னிரண்டும் நடந்தவை. அட்டையை மட்டும் பார்த்தால் ஐந்தும் உடன்பிறப்புகள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பையன் ஒருநாள் என்னிடம் வந்து, "சார், சரித்திரப் புத்தகம் எங்கே இருக்கு?" என்றான். நான் கை காட்டுவதற்குள், யாரோ படித்துவிட்டு மேஜைமேல் போட்டிருந்த 'கமலாம்பாள் சரித்திர'த்தை எடுத்துக்கொண்டுவிட்டான். நான் தடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வந்தவன், "பரீட்சைக்கு இதுல ஒண்ணும் இல்ல சார்" என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இதே மாதிரி வேற சரித்திரம் இருக்கா?" என்று கேட்டான். பிரதாப முதலியாரைக் கொடுத்து அனுப்பினேன்.

மாதவையாவின் அன்பர்கள் கோபிக்கக்கூடாது. பத்மாவதியை நான் சீக்கிரமே தாண்டிவிடுவேன். நல்ல நாவல்தான், சந்தேகப்படுகிற கணவனை நன்றாகவே காட்டியிருக்கிறார். இருந்தாலும் இந்தக் கூட்டத்தில் என் மனசு போகிற ஜோடி வேறு. 'கமலாம்பாள் சரித்திரம்', 'என் சரித்திரம்'. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுப்பது போதாது. மாற்றி மாற்றிப் படிக்கவேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். ராஜம் ஐயர் 1872-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 'விவேக சிந்தாமணி'யில் 1893-இல் இந்தக் கதையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 26 வயதில் இறந்தும்போனார். உ.வே.சா. உத்தமதானபுரத்துக்காரர், 1855-இல் பிறந்தவர். 'ஆனந்த விகட'னில் 1940-இல் தம் கதையைத் தொடங்கும்போது 85-ஐ எட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் ஆங்கிலக் கல்லூரியில் பி.ஏ. படித்த வாலிபர். மற்றவர் திண்ணையிலும் மடத்திலும் படித்துப் பழுத்த கிழவர். இருவர் எழுதுவதும் ஏறக்குறைய ஒரே காலத்து வாழ்க்கை. அதே அக்கிரகாரம், அதே குடும்பக் கவலைகள், அதே தமிழ்ப் பண்டிதர்கள். வாலிபர் கற்பனையாகச் சொல்கிறார். கிழவர் ஞாபகமாகச் சொல்கிறார்.

அந்தத் தமிழ்ப் பண்டிதர்களிடம்தான் ருசியே இருக்கிறது. 'கமலாம்பாள்' படித்தவர்கள் வம்பர் மகாசபையை மறந்தாலும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையை மறக்கமாட்டார்கள். தமிழ் வாத்தியார். பிள்ளைகளுக்கு அவர் ஒரு வேடிக்கை. ராஜம் ஐயர் அவரை வைத்துச் சிரிக்க வைக்கிற இடங்களில் நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சிரித்த கையோடு அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு 'என் சரித்திர'த்தைத் திறக்கவேண்டும். அங்கே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருப்பார். திரிபந்தாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே கேலியாகத் தெரிந்த படிப்பு அங்கே ஒரு பையனுக்கு உயிராக இருக்கும்.

அந்தப் பையன், உ.வே.சா.தான், அந்தப் படிப்புக்காகத் தவித்த விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பலருக்குத் தெரிந்த இடம்தான், ஆனாலும் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது. மாயூரத்தில் தகப்பனார் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். ஆசிரியரோ, பையனுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பைத் தம் மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் விட்டுவிடுகிறார். பையனுக்கு ஆசிரியரிடம் நேரே கேட்க ஆசை. கேட்கப் பயம். அப்போது ஒன்றைக் கவனிக்கிறான். ஆசிரியர் காலையில் எழுந்ததும் தோட்டத்துக்குப் போய் மரங்களைச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு தளிர் விட்டிருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. மறுநாளிலிருந்து பையன் அவருக்கு முன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போகிறான். எந்தக் கிளையில் புதுத் தளிர் என்று தேடி வைத்துக்கொள்கிறான். அவர் வந்ததும் காட்டுகிறான். தளிரைக் காட்டிக் காட்டியே ஆசிரியரின் கவனத்தைப் பிடித்துவிடுகிறான். பிறகு பாடமும் நேரே கிடைக்கிறது. இந்த அத்தியாயத்துக்கு அவர் வைத்த பெயர் 'தளிர் ஆராய்ச்சி'. நாவலாசிரியன் யாராவது இதை எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டான் என்று சொல்லியிருப்போம். நடந்தது என்பதால் நம்புகிறோம்.

இதைப் படித்துவிட்டு மறுபடி அம்மையப்ப பிள்ளையிடம் போய்ப் பாருங்கள். சிரிப்பு குறையாது. ஆனால் அந்த மனுஷர் முன்னைக்கு இப்போது கனமாகத் தெரிவார். அவருக்கும் ஓர் ஆசிரியர் இருந்திருப்பார், அவரும் ஏதோ ஒரு தோட்டத்தில் யாரையோ காத்து நின்றிருப்பார் என்று தோன்றும். ராஜம் ஐயர் இதை எழுதவில்லை. பக்கத்துப் புத்தகம் எழுதிக் கொடுக்கிறது.

நான் படிக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 'என் சரித்திர'த்தில் 122 அத்தியாயங்கள். நாலைந்து அத்தியாயம் அது, பிறகு ஓர் அத்தியாயம் கமலாம்பாள். இப்படிப் போனால் கமலாம்பாளின் சிறுகுளமும் உ.வே.சா.வின் உத்தமதானபுரமும் அடுத்தடுத்த ஊர்களாகிவிடும். கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயர் தெருவில் நடந்துபோனால் எதிரே உ.வே.சா.வின் தகப்பனார் வருவார் போலிருக்கும்.

இன்னொரு ஆச்சரியம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர். அவர்மேல் 'குளத்தூர்க் கோவை' என்று ஒரு பிரபந்தமே பாடியிருக்கிறார் மகாவித்துவான். அதனால் 'என் சரித்திர'த்துக்குள் வேதநாயகம் பிள்ளை நேரிலேயே வந்துபோகிறார். ஒரு சரித்திரத்தை எழுதியவர் இன்னொரு சரித்திரத்தில் பாத்திரம்! வகை பிரித்த அலமாரியில் தேடினால் இந்த உறவு கண்ணில் படுமா? நாவல் கீழே, சுயசரிதை மாடியில். கும்பகோணத்தில் 1880-இல் உ.வே.சா.வைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பிவிட்ட சேலம் இராமசாமி முதலியாரும் முன்சீப்தான். தமிழுக்கு முன்சீப்புகள் செய்த உபகாரத்தைப் பற்றி யாராவது தனியே ஓர் உரை நிகழ்த்தலாம்.

சரித்திரத்தை முடித்தவர்கள் 'கதை' என்று முடிகிற கூட்டத்துக்குப் போகலாம். அங்கே விளையாட்டு தலைகீழ். நாமக்கல் கவிஞரின் 'என் கதை' நடந்த வாழ்க்கை. பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' கற்பனை, பாதியில் நிற்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யையும் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யையும் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? தலைப்பில் 'கதை' இல்லாவிட்டாலும் சுந்தர ராமசாமியின் இன்னொரு நாவலையும் இங்கே சொல்லவேண்டும். 'ஜே.ஜே: சில குறிப்புக'ளை ஒரு நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று அலமாரியில் பார்த்தேன். மலையாள எழுத்தாளர் ஜோசப் ஜேம்ஸ் என்று ஒருவர் நிஜமாகவே இருந்ததாக நம்பி யாரோ வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை இடம் மாற்ற மனசு வரவில்லை. சுந்தர ராமசாமிக்குக் கிடைத்த ஆகப்பெரிய விமரிசனம் அதுதான்.

'என் சரித்திரம்' படிக்கிறவர்களுக்குக் கடைசியில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. 1942-இல் உ.வே.சா. காலமானார். சரித்திரமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி நின்றுபோகிறது. மீதி நாற்பது வருஷத்துக்கு எங்கே போவது? அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது. இதற்கு வாலைத் தேடவேண்டாம். தலையைப் பார்த்தே எடுத்துவிடலாம், 'என்' இழுப்பறையில், 'என் கதை'க்குச் சில அட்டைகள் முன்னால்.